பரிசு பெற்ற படமும் பறிபோன முட்டையும்

நம் சங்கப் படிப்பகத்தில், நாளிதழ்கள் பரப்பிய நீள மேசைக்கு மேலே, ஒரு புகைப்படம் தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெண்மணல், மணலில் ஒரு சிறு குழி, குழியில் மூன்று முட்டைகள், அவற்றின்மேல் அமரப்போகும் ஒரு பறவை. அதன் வயிற்று இறகிலிருந்து நீர்த்துளி ஒன்று சொட்டுகிறது. அத்துளி முட்டையைத் தொடுவதற்குமுன் காமிரா அதைப் பற்றிக்கொண்டது. படத்தின் அடியில் 'வெயிலிலும் தாய்மை' என்று அழகிய எழுத்தில் எழுதியிருக்கிறது. இவ்வாண்டுப் பொங்கல் விழாக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற படம் அது. எடுத்தவன் நான்.

அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பரிசுத் தொகையைப் படிப்பகத்து நூல் நிதியில் சேர்த்துவிட்டபோதே நண்பர் சிலர் நகைத்தனர். தன்னடக்கம் என்றனர் சிலர். தன்னடக்கம்போல் வேடமிட்ட தற்பெருமை என்றனர் வேறு சிலர். இரண்டும் அல்ல. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

சம்பல் ஆற்றை நம்முள் பலர் ரயில் சன்னல் வழியாக மட்டுமே கண்டிருப்பர். ஊருக்குப் போகும் வண்டி ஆக்ராவைக் கடந்து, குவாலியரை எட்டுவதற்குமுன், ஒரு நீண்ட பாலத்தின்மேல் தடதடவென்று ஓடும். கீழே பச்சை நீர். இருபுறமும் மழை அரித்த மண்மேடுகள். நடுநடுவே வெண்மணல் திட்டுகள். 'கொள்ளைக்காரர் ஒளிந்திருந்த இடம்' என்று யாரேனும் ஒருவர் சொல்வார், மற்றவர் எட்டிப் பார்ப்பர், பாலம் முடிந்துவிடும். விந்திய மலையில் தோன்றி, ஏறத்தாழ 960 கிலோமீட்டர் ஓடி, எட்டாவா மாவட்டத்தில் யமுனையோடு கலக்கும் ஆறு இது. பழைய நூல்கள் இதனைச் சர்மண்வதி என்று கூறும். வேள்வியில் வெட்டுண்ட பசுக்களின் குருதியிற் பிறந்தது என்ற கதையும் உண்டு. அந்தப் பழியாலும் கொள்ளையர் அச்சத்தாலும் இதன் கரையின் பெரும்பகுதியை மனிதர் அதிகம் நாடவில்லை என்பர். மனிதர் அஞ்சி ஒதுங்கியது ஆற்றுக்கு நன்மையாயிற்று. இராசத்தானம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்த சரணாலயமாக இப்பகுதி அமைந்திருக்கிறது. நீண்ட மூக்குடைய கரியால் முதலைகளும், ஆற்று ஆமைகளும், கங்கை ஓங்கில்களும் இங்கே வாழ்கின்றன.

இந்த மணல் திட்டுகளில் மார்ச்சு முதல் மே முடிய ஒரு பறவை முட்டையிடுகிறது. மேற்புறம் கருமை, கீழ்ப்புறம் வெண்மை, அலகு ஆரஞ்சு நிறம். அலகின் கீழ்ப்பாதி மேற்பாதியைவிட நீளமாக இருக்கும். அந்தி நேரத்தில் நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்து, கீழலகால் நீரைக் கீறிக்கொண்டே செல்லும். மீன் தட்டுப்பட்ட நொடியில் அலகு மூடிக்கொள்ளும். ஆற்றங்கரை மக்கள் இதைப் 'பன்சீரா' என்கின்றனர். நீரைக் கிழிப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் ஸ்கிம்மர் என்பர். எனக்குள் நான் இதை 'நீர்கிழிப்பான்' என்று சொல்லிக்கொள்கிறேன். உலகம் முழுவதும் எண்ணினாலும் இதில் முதிர்ந்த பறவைகள் மூவாயிரத்துக்கும் குறைவே என்று மதிப்பிடுகின்றனர். 2020இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இது அழிவை நோக்கும் இனமாகச் சேர்க்கப்பட்டது.

இதனோடு ஆற்று ஆலாக்களும், கருவயிற்று ஆலாக்களும், ஆற்று ஆள்காட்டிகளும் அதே மணலில் குடியிருக்கின்றன. கூடு என்று பெயரே ஒழிய, அங்கே சுள்ளியும் இல்லை, புல்லும் இல்லை. மார்பால் அழுத்திய ஒரு பள்ளம்தான். முட்டை மணல் நிறம். அதன்மேல் கறைபோன்ற புள்ளிகள். காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதுவே அதன் காவல்.

நான் இயற்பியல் மாணவன். எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டியது வெப்பக் கணக்கு. கோழி அடைகாப்பது முட்டையைச் சூடேற்றுவதற்கு. இராக்காலத்தில் இப்பறவையும் அப்படியே செய்கிறது. பகலில் கதை தலைகீழாகிறது. பறவையின் கரு வளர ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 37 அல்லது 38 டிகிரி. நாற்பதைத் தாண்டிச் சில டிகிரி ஏறி, அங்கேயே நின்றுவிட்டால் கரு பிழைக்காது. ஆனால், கோடைப் பகலில் திறந்த ஆற்றுமணலின் மேற்பரப்பு ஐம்பதைத் தாண்டும். ஆகவே, பகலில் தாயும் தந்தையும் முறைமாற்றி அமர்வது முட்டைக்கு நிழல் கொடுப்பதற்கு. போதாதபோது ஆற்றுக்குப் பறந்து, வயிற்றை நனைத்து, அந்த ஈரத்தோடு வந்து முட்டைமேல் அமர்கின்றன. நீர் ஆவியாகும்போது சூடு தணிகிறது. நம் வீட்டு மண்பானை செய்யும் வேலையைத்தான் அந்த இறகு செய்கிறது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். போவதற்கு முன்பே படித்திருந்தேன். என் குற்றத்தை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் இறுதியில் நண்பர் மூவரோடு சென்றேன். இரவல் வாங்கிய பெரிய லென்ஸ் ஒன்று கையில் இருந்தது. அதை நான்கு நாளில் திருப்பித் தர வேண்டும். படகில் செல்ல அனுமதி பெற்றிருந்தோம். திட்டில் இறங்க அனுமதி இல்லை. படகோட்டி அறுபது வயது முதியவர். திட்டை நெருங்கியதும் துடுப்பை நிறுத்திவிட்டார். "பேட்டா, இங்கிருந்தே எடுங்கள். இந்த மாதத்தில் மணலில் கால் வைக்கக்கூடாது" என்றார். படகு ஆடிக்கொண்டிருந்தது. படம் கலங்கியது. நாங்கள் கெஞ்சினோம், பிறகு பேரம் பேசினோம், இறுதியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, படித்தவர்கள் என்ற மிடுக்கைக் காட்டினோம். "இருபது நிமிடம், அதற்குமேல் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அவர்.

முழங்கால் அளவு நீரில் நடந்து ஏறினோம். ஏறிய கணத்தில் திட்டே எழுந்து பறந்தது. ஆலாக்கள் தலைக்குமேல் சுழன்று கத்தின. ஓர் ஆள்காட்டி எங்கள் முன்னே ஓடி ஓடிக் கூவியது. நம் முன்னோர் அப்பறவைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் வைத்தார்கள்! 'ஆள் வருகிறான், ஆள் வருகிறான்' என்று அது உலகத்துக்கெல்லாம் காட்டிக்கொடுக்கிறது. அன்று அது காட்டிய ஆள் நான்.

மணலில் குப்புறப் படுத்தேன். முழங்கை சுட்டது. எந்நேரமும் பையில் இருக்கும் வெப்பமானியை, பழக்க மிகுதியால், மணலில் வைத்துப் பார்த்தேன்: 51 டிகிரி. மணி பதினொன்று. அந்த எண்ணைப் படித்தவுடன் எழுந்து ஓடியிருக்க வேண்டும். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். முட்டைகளும் அதே மணலில், அதே வெயிலில், மறைப்பின்றிக் கிடந்தன. பறவை வட்டமிட்டது, இறங்க வந்தது, எங்களைக் கண்டு மீண்டும் எழுந்தது. இருபது நிமிடம் அரை மணியாயிற்று. இறுதியில் அச்சத்தையும் மீறி அது இறங்கியது. வயிறு நனைந்திருந்தது. துளி சொட்டியது. நான் விசையை அழுத்தினேன்.

நண்பர்களே, நீங்கள் 'தாய்மை' என்று போற்றிய காட்சி இதுதான். அந்தப் பறவை அப்போது அவ்வளவு நனைந்து வந்தது ஏன்? அரை மணி நேரம் நான் அதை விரட்டி வைத்திருந்ததால் முட்டை கொதித்தது, அதனால் வந்தது. தீயை மூட்டியவனே தீயணைப்பவரைப் படம் எடுத்துப் பரிசு பெற்றதுபோலாயிற்று. மேலும், அது தாய்தானா என்பதும் எனக்குத் தெரியாது. இருபாலும் அடைகாக்கும் இனம் அது. அருகருகே நின்றால் சற்றுப் பெரியது ஆண் என்று சொல்லலாம். தனியே நின்ற ஒன்றைக் கண்டு சொல்ல இயலாது. படத்தின் பெயர்கூட மெய்யன்று.

படகு புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் படுத்திருந்த இடத்தருகே இரண்டு காக்கைகள் இறங்கியிருந்தன. மனிதன் நின்ற இடத்தில் ஏதேனும் கிடைக்கும் என்பதைக் காக்கை நன்கு அறியும். ஒன்று எதையோ கவ்விக்கொண்டு எழுந்தது. வெளிர்நிறமாக, உருண்டையாக இருந்தது. நான் படம் எடுத்த கூட்டின் முட்டையா, பக்கத்துக் கூட்டினதா என்று சொல்ல முடியாது. படகோட்டி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார்.

இதைக் கண்ட பிறகும் அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினேன். ஒன்பது மாதம் என் நெஞ்சு உறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எழுப்பியவர் முதலாண்டு மாணவர் ஒருவர். பிப்ரவரியில், புதிதாக வாங்கிய காமிராவோடு என் அறைக்கு வந்தார். "அண்ணா, உங்கள் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது. அது எந்தத் திட்டு? ஏப்ரலில் நாங்கள் ஆறு பேர் போகிறோம். இன்னும் கிட்டப் போனால் குஞ்சும் கிடைக்குமா?" என்று கேட்டார். அவர் கண்ணில் இருந்தது கொடுமையன்று, ஆர்வமும் வழிபாடும்தான். நான் வாயடைத்துப் போனேன். என் படம் பறவையின்மீது அன்பை வளர்த்ததா? வளர்த்தது. அந்த அன்பு எங்கே வந்து நின்றது? கூட்டின் விளிம்பில் பன்னிரண்டு காலோடு வந்து நின்றது.

இனி என்னை மறுத்துப் பேசுவோரின் கூற்றுகளைப் பார்ப்போம்.

'படம் இல்லையேல் பறவைக்காகப் பேசுவார் யார்?' என்பது முதல் கேள்வி. இதில் உண்மை உண்டு. 1892இல் இங்கிலாந்தில் செர்ரி கியர்ட்டன் என்ற இளைஞர் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படம் பிடித்தார். பறவைகளை அவற்றின் இருப்பிடத்திலேயே காட்டும் மரபுக்கு அது ஒரு தொடக்கம். நம் நாட்டிலேயே, லோதர் என்பவர் பறவைகளைப் படமெடுத்த தம் பட்டறிவை 1949இல் நூலாக வெளியிட்டார். தமிழராகிய மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்தும் எழுதியும் நாட்டுக்கே கற்பித்தார். ஆயினும், அக்காலத்தில் கூட்டைப் படமெடுத்தோர் மறைவிடம் அமைத்தனர். அதை ஒரே நாளில் அருகில் கொண்டுபோய் நிறுத்தாமல், நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்த்தினர். பறவை பழகும்வரை காத்திருந்தனர். எடுத்தவர்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. இன்று ஒவ்வொருவர் பையிலும் காமிரா இருக்கிறது. ஆனால், காத்திருக்க நேரம் இல்லை. இரவல் லென்சுக்கு நான்கு நாள், படகுக்கு ஒரு மணி, அவ்வளவே. வான்வழியே ட்ரோனை ஏவுவோரும் உளர். பறவைக்கு அது பருந்தன்றி வேறென்ன? கருவி வளர்ந்தது, பொறுமை குறைந்தது.

மேலும், பறவையைக் காட்டுவதற்குக் கூட்டைக் காட்ட வேண்டியதில்லை. அந்தி ஒளியில் நீரைக் கீறிச் செல்லும் அதன் பறப்பைவிட அழகிய காட்சி உண்டா? அதைப் படகிலிருந்தே, எவர்க்கும் தீங்கின்றி எடுக்கலாம். குளிர்கால மாதங்களில் அவை கூட்டமாக மணலோரம் நிற்கின்றன. அப்போது காக்க வேண்டிய முட்டையும் இல்லை, எரிக்கும் வெயிலும் இல்லை.

'அணையும் மணல் கொள்ளையும் நாய்களும் அழிக்கும் கூடுகளோடு ஒப்பிட்டால் புகைப்படக்காரன் எம்மாத்திரம்?' என்பது இரண்டாம் கேள்வி. இதுவும் மெய்யே. 1960இல் காந்தி சாகர் அணையும் கோட்டா அணையும் எழுந்தன. பின்னர் வேறு இரண்டும் சேர்ந்தன. கோடையில் நீர் வற்றினால் தீவாக இருந்த திட்டு கரையோடு ஒட்டிக்கொள்கிறது; நாயும் நரியும் மாடும் நடந்தே வந்துவிடுகின்றன. திடீரென்று நீர் திறந்தால் திட்டே மூழ்குகிறது. சரணாலயத்தில் மணல் அள்ளுவது தடைசெய்யப்பட்டது, அள்ளுவதோ நிற்கவில்லை. இவற்றோடு ஒப்பிட்டால் நான் எடுத்த அரை மணி சிறிதுதான். ஆனால், ஏற்கெனவே பாரம் மிகுந்த வண்டியில் ஏறுபவன், 'என் எடை சிறிது' என்று சொல்வது நேர்மையா? மணல் அள்ளுபவன் தான் பறவையின் நண்பன் என்று சொல்லிக்கொள்வதில்லை. நாம் சொல்லிக்கொள்கிறோம். அதனால் நம் கடமை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்கள். பூனைக்காவது பசி என்ற காரணம் உண்டு.

'ஆராய்ச்சியாளர் கூட்டருகே போகவில்லையா?' என்பது மூன்றாவது. போகிறார்கள். அனுமதியோடு, வெயில் ஏறாத வேளையில், எண்ண வேண்டியதை எண்ணிவிட்டு விரைந்து திரும்புவது அவர்கள் முறை. சம்பற் கரையில் அவர்கள் ஊர்மக்களையே கூட்டுக் காவலர்களாக அமர்த்தினர். நாயை விரட்டுவதும், மாட்டைத் திருப்புவதும், அன்னியர் இறங்காமல் தடுப்பதும் அக்காவலர் பணி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பர்வீன் ஷேக் என்னும் பெண்மணி இப்பறவைக்காக ஆற்றங்கரை மக்களோடு சேர்ந்து செய்த தொண்டுக்கு 2025இல் விட்லி விருது கிடைத்தது. அவர்கள் கூட்டருகே செல்வது முட்டை குஞ்சாக வேண்டும் என்பதற்காக. நான் சென்றது சுவரில் ஓர் ஆணிக்காக. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைத்தலும் அடங்கும். துப்பாக்கி ஏந்தினால்தான் வேட்டைக்காரன் என்று எண்ணியிருந்தேன். நாட்டின் பறவை ஆர்வலர் அமைப்புகள் சிலவும் கூட்டுப் படங்களை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்துள்ளன. அந்த முடிவை நம் சங்கமும் மேற்கொள்ளலாகாதா?

ஆதலின் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று: கூடு, முட்டை, பறக்காத குஞ்சு ஆகியவற்றின் படங்களை நம் கண்காட்சியிலும் இதழிலும் ஏற்க வேண்டா. இரண்டு: காட்டுயிர்ப் படம் எதுவாயினும், எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வாறு எடுத்தோம் என்பதை எடுத்தவரே அடியில் எழுத வேண்டும். என் படத்துக்கடியில் 'பறவையை அரை மணி நேரம் விரட்டி எடுத்தது' என்று எழுதியிருந்தால் நடுவர் பரிசு தந்திருப்பாரா? மூன்று: ஏப்ரலில் சம்பலுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கும் நண்பர்கள் அதை டிசம்பருக்கு ஒத்திவைக்க வேண்டும். நானும் உடன் வருகிறேன். படகைவிட்டு இறங்க மாட்டோம்.

அந்த முதலாண்டு நண்பருக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. எந்தத் திட்டு என்று கேட்டார் அல்லவா? சொல்ல மாட்டேன். நான் கண்ட திட்டு இந்நேரம் அங்கே இருக்கவும் இருக்காது. மழைக்காலப் பெருக்கு மணலைக் கரைத்து வேறிடத்தில் குவித்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஆறு புதிய திட்டை அமைக்கிறது; ஒவ்வோர் ஆண்டும் பறவைகள் அதை நம்பி இறங்குகின்றன. அவை இறங்கும் மாதம் இதோ தொடங்கிவிட்டது.

படிப்பகச் சுவரில் படத்தை எடுத்தால் ஆணி மட்டும் எஞ்சும். அதில் குவாலியர் வண்டியின் கால அட்டவணையை மாட்டிவையுங்கள். ஊருக்குப் போகும்போது பாலத்தின்மேல் எட்டிப் பாருங்கள். வெண்மணலில் கரும்புள்ளிகளாகச் சில அமர்ந்திருக்கும். அவ்வளவு தொலைவே அவற்றுக்குப் போதும். நமக்கும் அதுவே போதும்.